பயனிலை தேடும் தலைப்புகள்: நெகிரி செம்பிலான் தோட்டப்புற வாசகரும் நாளிதழ்த் தலைப்பின் மரபுரிமையும்

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கியத் திறனாய்வு சிறுகதையையும் கவிதையையும் நாவலையும் தன் பொருளாகக் கொண்டுள்ளது. அவற்றை வளர்த்த தொட்டில் என்னும் அளவில் நாளிதழும் போற்றப்படுகிறது. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் நடத்திய கதை வகுப்பும், அதே பத்தாண்டில் அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமியின் பங்கும் நம் இலக்கிய வரலாறுகளில் தவறாமல் இடம் பெறுகின்றன. ஆயின் அதே நாளிதழின் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் நின்ற தலைப்பை ஓர் இலக்கிய வகையாக நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டப்புறத்தில் மிகப் பலரை எட்டிய தமிழ் உரைநடை அதுவே ஆகும். நாவல் படியாதவரும் தலைப்பைப் படித்தனர். எழுத்தறியாதவர் பிறர் படிக்கக் கேட்டனர்.

நாளிதழ்களின் ஆண்டு விழாக்களில் பேசுவோர் அனைவரும் ஒரு தொடரைச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்குவதில்லை. நாளிதழ் சமுதாயத்தின் கண்ணாடி என்பதும், அது நமக்கு விட்டுச் சென்ற மரபுரிமை அளவிடற்கரியது என்பதும் அத்தொடரின் சாரம். அளவிடற்கரியது என்று கூறியதனாலேயே அதனை எவரும் அளந்து பார்க்கவில்லை போலும். அவ்வளவீட்டை நெகிரி செம்பிலான் தோட்டங்களை எல்லையாக வைத்துச் சிறிது செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நீலாயிலிருந்து லாபு, சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன் வழியாகவும், கிழக்கே கோலப்பிலா, பகாவ் வரையிலும் செல்பவர் ரப்பர்க் காடு, செம்பனைக் காடு, புதுநகர் என்னும் மூன்று காலங்களையும் ஒரே நாளில் காணலாம். தலைப்புகள் கூறியவற்றையும் நிலம் கூறுவதையும் ஒப்பிட்டுப் பார்க்க இம்மாநிலம் ஏற்றதொரு களம்.

ஒன்றனை முதலிலேயே தெளிவுபடுத்துதல் வேண்டும். இக்கட்டுரையில் மேற்கோள் குறிக்குள் வரும் தலைப்புகள், வரலாற்றுப் பெயராக வெளிப்படையாகச் சுட்டப்படும் ஓரிரண்டு நீங்கலாக, எந்த நாளிதழிலிருந்தும் எடுத்தாளப்பட்டவை அல்ல. தேமா, புளிமா என்பன எந்தச் செய்யுளிலிருந்தும் பிய்த்தெடுக்கப்படாதவாறு போல, இவையும் வாய்பாடுகளே. நாளிதழ் வாசித்துப் பழகியோர்க்கு இவை அறிமுகமானவை போல் தோன்றுமாயின், வாய்பாடு சரியாக அமைந்துள்ளது என்று பொருள்.

தலைப்பின் யாப்பு

நாம் காணும் முதல் வாய்பாடு, ‘தோட்டப் பள்ளிக்குப் புதிய கட்டடம்’ என்பது. இதில் வினைமுற்று இல்லை. கட்டடம் கிடைத்ததா, கிடைக்குமா, கேட்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்பது தலைப்பினால் புலனாகாது. தமிழில் வினை தொக்கி நிற்கும் பெயர்ப் பயனிலைத் தொடர்கள் இயல்பானவையே; அதனை எவரும் குறை கூறார். ஆயின் இத்தலைப்பில் தொக்கி நிற்பது வினை மட்டுமன்று. காலமும் தொக்கி நிற்கிறது. மூன்று காலத்துள் எது வந்து சேர்ந்தாலும் தலைப்பு மெய்யாகிவிடும். பயனிலை என்னும் சொல்லைப் பயன் + நிலை என்று பிரிப்பதே இலக்கண மரபு. தோட்டப் பள்ளி ஆசிரியர் சிலர் இத்தலைப்பைப் படித்துவிட்டு அதனைப் பயன் + இலை என்று பிரித்திருந்தால், அவர்களுடைய புணர்ச்சியறிவை ஐயுற நியாயமில்லை.

இரண்டாம் வாய்பாடு, ‘ஆவன செய்யப்படும்’ என்பது. செயப்பாட்டுவினை செய்பவரை மறைக்க வல்லது என்பது மாணவரும் அறிந்த செய்தி. இங்கு மறைந்தவர் செய்பவர் மட்டுமல்லர். ‘ஆவன’ என்பது பலவின்பால் வினையாலணையும் பெயர். ஆகக்கூடியவை எவையோ அவை என்பது அதன் பொருள். எனவே செய்யப்படுவது எது என்பதும் மறைந்தது. ஆகாதவை என ஒரு பட்டியல் உண்டென்பதும், பள்ளிக் கட்டடம் அப்பட்டியலில் இருக்கலாம் என்பதும் சொல்லாமல் சொல்லப்பட்டன. எழுவாயும் செயப்படுபொருளும் இன்றி இரண்டே சொற்களில் ஒரு முழு வாக்குறுதியை அமைத்தமை நம் உரைநடையின் சுருக்கத்திற்குச் சான்றாகும்.

மூன்றாவது, ‘இந்தியர்கள் ஒன்றுபட வேண்டும்’ என்பது. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என வியங்கோள் பல பொருளில் வரும் என்பர். இத்தலைப்பு அந்நான்கினையும் ஒருங்கே தாங்க வல்லது. ஒரே சங்கத்தின் இரு பிரிவினரும் தனித்தனியே கூட்டம் நடத்தி ஒன்றுபடுமாறு கேட்டுக்கொள்ளும்போது, இரு கூட்டங்களுக்கும் இத்தலைப்பே பொருந்தும். அச்சுக் கோக்கும் தொழிலாளிக்கு இதனால் விளைந்த வசதியை நாம் மறத்தலாகாது.

நான்காவது, ‘தோட்டம் மூடப்படுமா?’ என்பது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினா அறுவகைப்படும் என்று நன்னூலார் கொண்டார். தலைப்பின் ஈற்றில் நிற்கும் ஆகாரம் இவ்வாறனுள்ளும் அடங்காது. ஆசிரியர் அறிந்தே கேட்கிறார். வாசகர் விடை கூற இயலாதவர். விடை அறிந்த நிர்வாகமோ தமிழ் நாளிதழ் படிப்பதில்லை. நாளை தோட்டம் மூடப்படாவிடினும் வழக்குத் தொடுக்க எவருக்கும் இடமில்லாதவாறு காக்கும் இதனைத் ‘தற்காப்பு வினா’ என ஏழாவதாகச் சேர்ப்பது தகும்.

இவ்விடத்து அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று பயன்படும். 1948 நவம்பரில் நடைபெற்ற அமெரிக்க அதிபர் தேர்தலின் மறுநாள், சிகாகோ ட்ரிபியூன் நாளிதழ் டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்னும் பொருள்படத் தலைப்பிட்டது. வென்றவர் ட்ரூமன். அவர் அவ்விதழைக் கையில் உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் ஒளிப்படம் உலகப் புகழ் பெற்றது. அத்தலைப்பில் எழுவாய் இருந்தது, செயப்படுபொருள் இருந்தது, பயனிலை இருந்தது. ஆதலின் அது பிழைபட முடிந்தது. நம் வாய்பாடுகள் அத்தகைய அவமானத்திற்கு ஒருபோதும் ஆளாகா. பிழை என்று காட்டப்பட முடியாத தொடர், மெய் என்று காட்டப்படவும் முடியாது என்பது மட்டுமே அதன் குறை.

நான்காம் வேற்றுமையில் வாழ்ந்தவர்

மேற்கூறிய வாய்பாடுகளில் தோட்டத் தொழிலாளி நிற்கும் இடம் எது என்பது அடுத்த வினா. ‘தொழிலாளர்க்கு மாதச் சம்பளம்’, ‘தோட்ட மக்களுக்குச் சொந்த வீடு’, ‘பாட்டாளிகளுக்குப் பாதுகாப்பு’ என எங்கும் அவர் குகர உருபோடு நிற்கிறார். நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை எனப் பொருள்கள் பல உண்டு. தலைப்பு கொடை என்று எண்ணி எழுதப்பட்டது. வாசகர் தகுதி என்று படித்தார். நிகழ்ந்தவற்றை நோக்கின் எப்பொருள் பொருந்தும் என்பதை இலக்கணம் கற்றோர் தாமே முடிவு செய்யலாம்.

மாதச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் நாள் கூலி இல்லை. ஆகவே மாதச் சம்பளம் என்பது தோட்டத் தொழிலாளரின் நீண்டகாலக் கோரிக்கையாக இருந்தது. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் காலம் நெடுகிலும் அக்கோரிக்கை தொடர்ந்தது. அதனைப் பற்றிய தலைப்பும் தொடர்ந்தது. தந்தை வெட்டுக்காட்டில் நின்ற காலத்தில் கேட்ட தலைப்பை, ஆயாக் கொட்டகையில் வளர்ந்த மகன் தானும் உளி பிடித்த காலத்தில் மீண்டும் கேட்டான். நாட்டின் குறைந்தபட்சச் சம்பள ஆணை தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி என நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரி முதல் நாளில்தான். அப்போது நெகிரி செம்பிலான் தோட்டங்கள் பலவற்றில் வெளிநாட்டுத் தொழிலாளர் பெருகியிருந்தனர். தலைப்பை முதலில் படித்தவரின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்குச் சென்றிருந்தனர்.

சொந்த வீடும் அவ்வாறே. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், 446ஆம் எண் சட்டம், தோட்ட முதலாளி தரவேண்டிய குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்தது. நீர், மின்சாரம், கழிவறை முதலியவற்றில் அதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயின் அது வேலை செய்யும் வரையிலான குடியிருப்பைப் பற்றியது; வேலை முடிந்தால் லயத்து வீடும் முடிந்தது. தம் பெயரில் மனையின்றி ஓய்வு பெற்றோர் பலருக்கு, வீட்டைப் பற்றிய தலைப்பு மட்டும் வழிவழியாக வந்து சேர்ந்தது. மரபுரிமை என்னும் சொல்லை விழா மேடையில் கேட்கும்போதெல்லாம் நமக்கு நினைவில் வருவது இதுவே. வீடு தலைமுறை தாண்டிச் செல்லவில்லை; ‘வீடு’ என்னும் தலைப்பு சென்றது.

ஒரு தலைப்பை மட்டும் தோட்டத்தார் எக்காலத்தும் நம்பினர். அது ரப்பர் விலை. கொரியப் போரை ஒட்டி 1950, 1951ஆம் ஆண்டுகளில் விலை உச்சத்திற்கு ஏறியபோதும், பின்னர்ச் சரிந்தபோதும், அச்சிறு கட்டம் மிகைபடக் கூறாது எண்ணை மட்டும் கூறிற்று. சம்பளம் ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்த காலங்களில் அவ்வெண் அடுப்படி வரை வந்தது. வேற்றுமை உருபின்றி, வியங்கோளின்றி, வினாவின்றி நின்ற அதுவே நாளிதழின் மிகச் சிறந்த உரைநடையாகத் தோட்டத்தில் மதிக்கப்பட்டிருக்கும்.

பெரிய தலைப்புக்கும் பெரட்டுக் களத்துக்கும் இடையிலிருந்த தொலைவுக்கு 1981 செப்டம்பர் 7 சான்றாகும். அன்று பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம், இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. விடியற்காலைத் தாக்குதல் என்று ஆங்கில ஏடுகள் அதற்குப் பெயரிட்டன. நெகிரி செம்பிலானிலும் கத்ரிக்குத் தோட்டங்கள் இருந்தன. இலண்டனில் விடியற்காலையாக இருந்த அந்நேரம், இங்குப் பால் நிறுத்து முடிந்த பிற்பகல். மறுநாள் விடியுமுன் வழக்கம் போலப் பெரட்டு நடந்தது. அதே மங்கு, அதே வாளி. நாட்டின் பொருளியல் வரலாற்றில் அந்நாள் பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகிய மூன்றும் இணைந்ததும் பெரிய செய்தியே. எனினும் இரு தலைப்புகளிலும் எழுவாயாக நின்றவை நிறுவனங்கள். அந்நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்தவர் நான்காம் வேற்றுமையிலும் இடம் பெறாத அரிய தருணங்கள் அவை.

எழுவாய் பிழைத்த தலைப்பு

எழுவாய் இல்லாத தலைப்பு நகைப்புக்குரியது. எழுவாய் தவறாக அமைந்த தலைப்பு உயிரோடு தொடர்புடையதாகவும் ஆகலாம். இதற்கு நெகிரி செம்பிலானே உலகறிந்த சான்று.

1998இன் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தில் தொடங்கிய மூளைக் காய்ச்சல், அவ்வாண்டின் முடிவில் போர்ட்டிக்சன் மாவட்டத்து புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணை வட்டாரத்தை அடைந்தது. தொடக்கத்தில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளை அழற்சி என்று சுகாதாரத் துறையினர் கருதினர். தடுப்பூசி போடப்பட்டது, கொசு மருந்துப் புகை அடிக்கப்பட்டது. நாளிதழ்களும் அப்பெயரையே எழுதின; எழுதாதிருத்தல் அவற்றால் இயலாது. தலைப்பின் எழுவாய் கொசு. ஆயின் பன்றியோடு நெருங்கிப் பழகிய பெரியவர்கள் நோயுற்றதும், தடுப்பூசி போட்டவரும் நோயுற்றதும் அவ்வெழுவாய்க்குப் பொருந்தவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதியதொரு கிருமியைப் பிரித்தெடுத்தனர். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு இடப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நோயுற்ற பண்ணைத் தொழிலாளருள் இந்தியரும் இருந்தனர்.

2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டு வட்டாரத்தில் அந்நோய் தோன்றியபோது, தமிழக நாளிதழ்கள் ‘நிபா’ என்னும் சொல்லை முதற்பக்கத்தில் இட்டன. ரந்தாவையும் லாபுவையும் பகாவையும் அறியாத ஆசிரியர் குழுக்கள் நெகிரி செம்பிலானின் ஒரு சிற்றூரை மட்டும் அறிந்திருப்பதற்கு இதுவே காரணம். அச்சொல் ஓர் ஊரின் பெயர் என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணியிருப்பர்? நூறாண்டுக்கும் மேலாக ரப்பர் விளைவித்த மாநிலத்திற்குத் தலைப்புலகம் அளித்த நிலையான இடம், ஒரு நுண்கிருமியின் பெயராக அமைந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது தெளிவானது. எழுவாய் யார் என்று கேட்பது இலக்கண வகுப்பின் விளையாட்டன்று. யார் செய்தார், எதனால் நிகழ்ந்தது என்ற கேள்விக்கு விடை மாறும்போது புகை அடிக்கும் இடம் மாறுகிறது. காக்கப்படும் உயிர் மாறுகிறது. சம்பளமும் வீடும் பற்றிய தலைப்புகளில் எழுவாயைத் தேடாது விட்டமைக்கு அத்துணை விரைவில் விலை கொடுக்க நேரவில்லை. அதனாலேயே அவ்விலை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

‘எங்கள்’ என்னும் சொல்

மேற்கூறியவற்றால் வினையற்ற தலைப்பு அனைத்தும் வெற்று என்று கொள்ளுதல் முறையாகாது. கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு, மலாயாத் தோட்டங்களிலும் படிக்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்து, அதில் சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரும் கருத்தும் தோன்றிய 1950களில், தமிழுக்கு உரிய இடம் வேண்டி அவர் இயக்கம் நடத்தினார். அவ்வியக்கத்தின் நிதிக்குத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்பது பெயர். இதிலும் வினைமுற்று இல்லை, காலமும் இல்லை. நம் முதல் வாய்பாட்டின் குறைகள் எல்லாம் இதற்கும் உண்டு.

ஒரு வேறுபாடு மட்டும் காணப்படுகிறது. ‘தொழிலாளர்க்கு’ என்று நின்ற இடத்தில் இங்கு ‘எங்கள்’ என்று நிற்கிறது. படிப்பவர் தம்மைப் பெறுபவராகவன்றி உடையவராக இத்தொடரில் காண்கிறார். தோட்டத் தொழிலாளரும் நகரத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து சிறு தொகைகளை அளித்தனர். 1956இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. தமிழ் அதன் முதன்மைப் பாடமாயிற்று. திரட்டிய நிதி தமிழ் நூல்களுக்குப் பயன்பட்டது. இத்துறையின் வழி வந்தோர் நெகிரி செம்பிலான் பள்ளிகள் பலவற்றில் தமிழ் கற்பித்து வருகின்றனர். நாளிதழின் மரபுரிமையை அளக்க வேண்டுமெனின், அளவுகோல் கிடைக்கும் இடம் இதுவாகும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு ‘துண்டாடல்’ என்னும் சொல். 1950களில் ஆங்கிலேயத் தோட்டங்கள் சிறு சிறு பகுதிகளாக விற்கப்பட்டபோது தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அந்நிகழ்ச்சிக்கு நாளிதழ்கள் வழங்கிய இப்பெயர் மலேசியத் தமிழின் சொந்தச் சொல்லாக நிலைத்தது. உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து எழுதினார். 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர் உறுப்பினராயினர். மறு ஆண்டே கெடாவில் ஒரு தோட்டம் வாங்கப்பட்டது. எல்லாத் தோட்டங்களையும் அதனால் காக்க இயலவில்லை. ஆயினும் ‘தொழிலாளர் தோட்டம் வாங்கினர்’ என்று எழுவாயும் செயப்படுபொருளும் இறந்தகால வினைமுற்றும் கூடிய ஒரு தொடரை எழுத அது வழி செய்தது. அத்தொடரை எழுதத் தொழிலாளர் நாளிதழுக்குக் காத்திருக்கவில்லை; பத்து வெள்ளி கட்டியபின் நாளிதழ் அதனை எழுதிற்று.

உட்பக்கத்தில் ஒரு வினைமுற்று

முதற்பக்கத்தை விடுத்து உட்பக்கங்களைப் புரட்டுவோமாயின் வேறொரு தமிழ் தென்படும். தோட்ட நிருபர்களாக இருந்தவருள் பலர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கிராணிகளும் ஆவர். மாரியம்மன் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, இளைஞர் மன்ற ஆண்டுக் கூட்டம், பணி ஓய்வுப் பாராட்டு ஆகியவற்றை அவர்கள் எழுதியனுப்பினர். அச்செய்திகளில் நடை வனப்பு குறைவு. எத்தனையாம் பிரிவு, எந்நாள், யார் தலைமை, யார் நன்றியுரை என்பன மட்டும் தவறாமல் இருக்கும்.

அவற்றினும் துல்லியமானவை கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள். தோட்டத்தின் பெயர், இறந்தவர் செய்த தொழில், பிறந்த ஊர், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்கள் இப்போது வாழும் ஊர்கள் ஆகிய விவரங்கள் அச்சிறு கட்டத்திற்குள் அடங்குகின்றன. ஒரு குடும்பம் தோட்டத்திலிருந்து எவ்வாறு சிதறிற்று என்பதை வரைபடம் போல அவை காட்டும். இலக்கண நோக்கில் அவற்றின் சிறப்பு மற்றொன்று. வாழ்நாள் முழுதும் ‘தொழிலாளர்க்கு’ என்று பன்மையிலும் நான்காம் வேற்றுமையிலும் நின்றவர், அங்கே முதன்முறையாகத் தம் பெயரோடு எழுவாயாக நிற்கிறார். அவருக்கென ஒரு வினைமுற்று உண்டு. அது இறந்தகாலத்தில் ஐயத்திற்கிடமின்றி முடிகிறது: ‘இறைவனடி சேர்ந்தார்’. இத்துணை நேரம் நகைப்போடு வந்த நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியுள்ளது. அவ்வினைமுற்றுக்காக நாளிதழுக்குக் கட்டணம் செலுத்தியவரும் அவர் பிள்ளைகளே.

வகுப்பறைக்குச் சில கருத்துகள்

தோட்டங்களின் வரலாற்றை ஆராய முற்படும் மாணவர்க்கு நாளிதழே முதன்மைச் சான்றாக அமைந்து வருகிறது. நிலத்தில் சான்று குறைந்துவிட்டது. சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான், பண்டார் என்ஸ்டெக் ஆகிய புதுநகர்கள் எழுந்த இடங்களில் ரப்பரும் செம்பனையும் இருந்தன. லயத்துப் பலகைச் சுவரின் இடுக்கை அடைக்க ஒட்டப்பட்ட பழைய நாளிதழ்கள் லயத்தோடு போயின. தலைப்பின் உண்மையான மரபுரிமை குளிர் காற்றைத் தடுத்ததே என்று எவரேனும் கூறினால் அதனை முற்றும் மறுக்க இயலாது. தோட்டம் மறைந்தும் பெயர் மறையாத இடங்கள் பள்ளிப் பலகைகளே. லாபு தோட்டம் நான்காம் பிரிவு, கிர்பி, லின்சம், ஜெராம் பாடாங் என அவை நின்று பேசுகின்றன.

1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்னுருவில் காத்து வருகிறது. மின்னுருவில் தேடும் மாணவர் ‘தோட்டம்’ என்று தட்டச்சு செய்தவுடன் முதலில் கண்ணிற்படுவன தலைப்புகளே. அவற்றை மட்டும் தொகுத்து எழுதினால் பள்ளிகள் எல்லாம் கட்டடம் பெற்றன, பாட்டாளிகள் எல்லாம் வீடு பெற்றனர் என்று ஆய்வேடு முடியும். கூறியது கூறல் நூற்குற்றம் என்று கற்பிக்கும் நாம், ஒரே தலைப்பு மீண்டும் மீண்டும் வருவதைக் குற்றமாகக் கொள்ளாமல் சான்றாகக் கொள்ளப் பழக்குதல் வேண்டும். ‘புதிய கட்டடம்’ மூன்றாம் முறை தலைப்பானால், முதல் இரு முறையும் கட்டடம் எழவில்லை என்று பொருள்.

ஆகவே மூன்று வினாக்களை மாணவர்க்குப் பரிந்துரைக்கலாம். இத்தலைப்பின் எழுவாய் யார்? வினை எக்காலத்தது? இதே தலைப்பு முன்னரும் பின்னரும் எப்போது வந்தது? இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு வேற்றுமையும் செயப்பாட்டுவினையும் கற்பிக்க இதனினும் உயிருள்ள பயிற்சி கிடைப்பது அரிது. இலக்கணம் வாழ்க்கைக்கு உதவாது என்று கூறும் மாணவர்க்கும் இஃது ஒரு விடையாகும்.

இரண்டாவதாக, உட்பக்கங்களைத் திரட்டுதல் வேண்டும். நெகிரி செம்பிலானில் தமிழ்ப்பள்ளிகள் அறுபதுக்கு மேல் உள்ளன; அவற்றுள் பல தோட்டப் பெயரைத் தாங்கியவை. ஒவ்வொரு பள்ளியும் தன் தோட்டத்தைப் பற்றிய நிருபர் செய்திகளையும் விழா அழைப்பிதழ்களையும் குடும்பத்தார் ஒப்புதலோடு அஞ்சலி விளம்பரங்களையும் பெற்றுப் படியெடுத்து வைக்குமாயின், பல்கலைக்கழக நூலகம் எதிலும் இல்லாத ஆவணத் தொகுப்பு உருவாகும். அதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. முன்னாள் மாணவரின் பெட்டிகளில் அவை இன்றும் உள்ளன. அப்பெட்டிகளைத் திறப்போர் முதுமையுற்று வருகின்றனர் என்பதே கருதத்தக்கது.

முடிவுரை

நாளிதழ்த் தலைப்பைப் பழிப்பது நம் நோக்கமன்று. குறைந்த ஊதியத்தில், அரைகுறை அச்சு வசதியோடு, மறுநாள் விடியுமுன் இதழ் பகாவ் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்னும் அவசரத்தில் எழுதப்பட்டவை அவை. வாக்குறுதியைத் தலைப்பாக்கியது நாளிதழ். வாக்குறுதியை வினைமுற்றின்றி அளித்தவர் வேறு பலர். அத்தலைப்புகளை நாள்தோறும் படித்து, நாள்தோறும் நம்பாமலும் முற்றும் கைவிடாமலும் இருந்த தோட்டத்து வாசகரின் பொறுமையே இவ்வரலாற்றில் வியப்புக்குரியது. அவர் சிரித்துக்கொண்டே படித்திருக்கவும் கூடும். அச்சிரிப்பை எந்த நாளிதழும் பதிவு செய்யவில்லை. அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.